இருப்பதிலேயே கனமானது

பைக் சாமான் கடைச் சுவரில் மாட்டியிருந்த மூன்று கிராஷ் கார்டுகளில் கடைசியாக இருந்ததைக் கழற்றித் தரச் சொன்னான்.

கையில் வாங்கியதும் தோள் இறங்கியது.

நல்ல கனம். எஃகுக் குழாய். எஞ்சினை இரண்டு பக்கமும் வளைத்துப் பிடித்து, காலுக்கும் முன்னால் அகலமாக வந்து நிற்கும். மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தன.

"இதையே போட்டுருங்க," என்றான்.

மனைவி ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வண்டி அவளுடையது. புது அட்வெஞ்சர் பைக், மலையிலும் கல்லிலும் ஏறிப் போவதற்கென்றே செய்தது. அடுத்த மாதம் அதில் அவள் லடாக் போகிறாள். தனியாக.

"சின்னதே போதாதுங்களா?" என்று கேட்டாள்.

"விழுந்தா உன்ற காலுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதில்ல."

பச்சைப் பொய்.

ஏற்கெனவே இருநூறு கிலோ வண்டி. அதன்மேல் இந்தக் கனத்தையும் ஏற்றிவிட்டால், விழுந்த வண்டியை அவளால் தூக்க முடியாது. லடாக் வரைக்கும் போக வேண்டியதில்லை. இங்கே ஆனைகட்டி ரோட்டிலேயே ஒருநாள் சாய்த்துவிட்டு, தூக்க முடியாமல் நின்றால் போதும். இது நமக்கு ஆகாது என்று அவளாகவே சொல்லிவிடுவாள். அவன் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

வாயைத் திறக்கவும் முடியாது. கொழுந்தியாள் வீட்டுப் புதுமனை விருந்தில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அத்தனை சொந்தபந்தத்துக்கும் நடுவில் சொல்லித் தொலைத்துவிட்டான்.

"போகட்டுமே. நானா வேண்டாங்கறேன்?"

சகலை முதுகில் தட்டினார். அத்தை ஒருத்தி, ஆம்பளைன்னா இப்படி இருக்கோணும் என்று தன் புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு முழுக்க அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அவள் போனில் போகிற வழியைக் காட்டினாள். விரலால் தள்ளத் தள்ள அது வடக்கே போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

அந்தப் பயம்தான். வேறு ஒன்றுமில்லை.

கடைக்காரர் தண்டபாணி உடனே பில் போடவில்லை. அந்தக் கடையில் ஒரு வழக்கம். எந்தக் கார்டை எடுத்தாலும், அதே கார்டு மாட்டிய கடை வண்டி ஒன்றைப் பின்பக்க மண்தரையில் படுக்க வைக்கச் சொல்வார். ஓட்டப் போகிறவர் தூக்கி நிறுத்த வேண்டும். நிறுத்தினால்தான் விற்பார்.

"கூட வந்தவங்க கை வெக்கப்படாதுங்க," என்றார் அவனைப் பார்த்து.

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நல்லதாகப் போயிற்று. ஆனைகட்டி வரைக்கும் கூட வேண்டாம், இங்கேயே முடிந்துவிடும்.

அவள் வண்டியை இடது பக்கம் சாய்த்துக் கையை விட்டாள். தடாலென்று விழுந்தது.

விழுந்ததே தவிர, தரையோடு படியவில்லை. அகலமான கார்டு மண்ணில் ஊன்றிக்கொண்டது. வண்டி பாதிச் சாய்விலேயே நின்றுவிட்டது.

அவள் ஹேண்டில்பாரைத் திருப்பினாள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்துக் குந்தினாள். காலால் மண்ணை உந்தி உந்திப் பின்னால் நடந்தாள்.

வண்டி எழுந்து நின்றது.

அட மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"சாரு வெவரமாத்தான் எடுத்திருக்காருங்க," என்றார் தண்டபாணி. "சின்ன கார்டுன்னா வண்டி தரையோட தரையாப் படுத்துக்கும். தூக்கறதுக்குள்ள இடுப்பு போயிரும். இது பாதி வேலைய அதுவே பாத்துக்குது பாருங்க."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. தனக்காக மனுஷன் இவ்வளவு யோசித்திருக்கிறானே என்று அந்த முகம் முழுக்க நன்றி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எந்தச் சேலைக்கும் எந்த நகைக்கும் அப்படி ஒரு பார்வை அவனுக்குக் கிடைத்ததில்லை.

அவனுக்குக் கூசியது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அந்தப் பக்கமும் ஒருக்கா பாத்துருங்க," என்று சொன்ன தண்டபாணி, முன்னால் யாரோ கூப்பிட, கடைக்குள் போய்விட்டார்.

அவள் வலது பக்கம் சாய்த்தாள். முதுகைக் கொடுத்துக் குந்தினாள்.

சைடு ஸ்டாண்டு இருப்பது இடது பக்கம். இப்போது அது மேலே, மடங்கியபடி கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. இப்படியே தூக்கினால் வண்டி நிமிரும். நிமிர்ந்த வேகத்தில், இடது பக்கம் தாங்க ஒன்றுமில்லாமல், அங்கே சரிந்து விழும். வயசுப் பையனாக இருந்த காலத்திலிருந்து வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு அது நன்றாகவே தெரியும்.

அவளுக்கு அடி படாது. மனசு விட்டுப்போகும்.

அவன் கேட்டதும் அதைத்தானே.

அவள் பல்லைக் கடித்து மூச்சை இழுத்துப் பிடித்தாள். டயர் மண்ணில் லேசாக அசைந்தது.

"அம்மிணி."

மடங்கிக் கிடந்த ஸ்டாண்டைக் கைகாட்டினான்.

"மொதல்ல ஸ்டாண்டை எடுத்து விடு. அப்பறம் தூக்கு."

அவள் எட்டி ஸ்டாண்டை இழுத்துவிட்டாள். மறுபடியும் குந்தினாள்.

அவன் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றான்.