பெயர்த்தனுப்பிய பாலம்

மலையில் ஒன்பது ஓடைகளுக்கு மூன்று அலுமினியப் பாலங்கள்தான். தேவையான ஓடைக்கு ட்ரோன் தூக்கிச் சென்று வைக்கும். எந்த ஓடைக்கு என்று முடிவு செய்வது அமுதவாணியின் வேலை.

அன்று அக்காள் மகளின் நிச்சயதார்த்தக் கார்கள் வேறோர் ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம்தானே என்று பூலாங்காட்டு ஊர் ஓடையில் இருந்த பாலத்தைப் பெயர்த்து அனுப்பினாள். அந்த நேரத்தில் பூலாங்காட்டில் செங்கோடன் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. பெருகி ஓடிய தண்ணீருக்கு அப்பால் ஆம்புலன்ஸ் நின்றது. குழந்தை தங்கவில்லை.

மறுவாரம் செங்கோடன் அலுவலகத்துக்கு வந்தான்.

"வெள்ளம் பாலத்தை அடிச்சுட்டுப் போயிருச்சாமுங்க. அன்னைக்கே திரும்ப வச்சுக் கொடுத்தீங்களாம். நல்லாயிருங்க அம்மணி" என்று கும்பிட்டான்.

அவளால் தாங்க முடியவில்லை. "வெள்ளமில்லீங்கண்ணா. நான்தான் எடுத்தேன்."

கும்பிட்ட கை மெல்ல இறங்கியது.

"எதுக்குங்க?"