கழுவாத பாத்திரம்

அந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் டைரக்டர் அறைக்குள் நுழைந்தாள் ஸ்டிரர் அக்கா. ஆய்வுக்கூடத்தில் கலக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே பதினான்கு வருடம் நின்றதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மூன்று மாதம் முன்பு மெமோவும் அந்தக் கடிதமும். இன்று வேலைக்கே உலையா?

டைரக்டர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றார். இத்தனை வருடத்தில் முதல் 'ங்க'. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் அவருடைய மருமகன், புதிதாகச் சீனியர் விஞ்ஞானி ஆனவர். "அக்கா, உங்களுக்கு மெமோ குடுத்த அந்த பேட்ச் ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே சூடாக்கி, கடுகு கடுகாக இறுகவைக்கும் வேலை. எல்லோரும் டைரக்டரின் பாராட்டு விழாவுக்குப் போய்விட, அவள் மட்டும் அவ்வப்போது ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

மாலையில் எல்லோரும் திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு மணியின் மேலும் வெள்ளைத் தோல். பக்கத்து மேசையில் தயாராகும் பால் போன்ற கலவையின் நுண்துகள்கள் அப்படியே ஒட்டியிருந்தன. 'பாத்திரத்தைக் கழுவாததால் பழைய பால் கலந்து பேட்ச் பாழ்' என்று மெமோ வந்தது.

"அது பாழே இல்ல அக்கா. உள்ள கெட்டி, மேல மெத்து. நாங்க ரெண்டு வருஷமாத் தேடினதே அதைத்தான். மாமாவுக்கும் எனக்கும் போன வாரம் விருது வந்ததே அதுக்குத்தான்."

"ஆபீஸ்ல சார்னு சொல்லுங்க, மாப்ளே" என்றார் டைரக்டர்.

"ஆனா திரும்ப வரமாட்டேங்குது. நாப்பது தடவை நாங்களே பாத்திரத்தை அழுக்கா வெச்சுப் பண்ணிட்டோம். ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது, இல்ல மொத்தமும் கட்டியாயிடுது. உங்க அளவுக்கு எங்களுக்கு அழுக்கு வரல."

டைரக்டர் மேசைமேல் சாய்ந்தார். "திங்கக்கிழமை வெளியாளுங்க பாக்க வராங்கம்மா. அன்னைக்கு மாதிரியே அரைகுறையாக் கழுவி வைங்க. மெமோவைக் கிழிச்சிடறேன். உங்க வேலையும் நிரந்தரம்."

பதினான்கு வருடமாகக் காத்திருந்த சொல். காதில் விழுந்தபோது அது ஏனோ இனிக்கவில்லை.

"முடியாதுங்க சார்."

"ஒரு நாள் கழுவாம விடறதுல என்னம்மா கஷ்டம்?"

அவள் எழுந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, தன் கட்டைவிரல் நகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"பாத்திரம் அன்னைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு சார். பதம் பாத்துப் பாலை ஊத்தினது நான்."