யார் கொடி மேலே?

"பெட்டியில உங்க கொடி மேல, எங்க கொடி கீழயா? என் உயிரே போனாலும் நடக்காது!"

அர்காதி மேஜையை ஓங்கிக் குத்தினார். தட்டுகள் குதித்தன.

சமையலறையிலிருந்து ரோசிட்சா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய ஓட்டல் அது. மதியச் சாப்பாட்டு நேரம். ஜன்னலோர மேஜையில் ரஷ்யாவிலிருந்து வந்திருந்த நிபுணர் அர்காதி. எதிரே அமெரிக்காவிலிருந்து வந்த லொரெய்ன் அம்மாள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

ஊர்க்கோடியில், டான்யூப் நதிக் கரையோரம், பழைய ஆராய்ச்சி அணு உலை ஒன்று மூடிக் கிடந்தது. அதில் மிச்சமிருந்த யுரேனியத்தை எடுத்துப் பத்திரமாக ரஷ்யாவுக்கு அனுப்பிவைக்க, இரண்டு நாடும் சேர்ந்து அனுப்பிய ஆட்கள் இவர்கள். போன மாதம் யாரோ அங்கே வேலிக்கம்பியை அறுத்துவிட்டு ஓடியதிலிருந்து ஊரே சரியாகத் தூங்கவில்லை.

"பெட்டிக்கும் லாரிக்கும் செலவு எங்களோடது. எங்க கொடிதான் மேல இருக்கும்!" லொரெய்ன் ரஷ்ய மொழியிலேயே வெளுத்து வாங்கினாள். அந்த ஊரில் எல்லோருக்கும் அந்த மொழி தெரியும்.

"யுரேனியம் எங்களோடது!"

"ஏவுகணையைக் காட்டியே உலகத்தை மிரட்டின ஆளுங்கதானே நீங்க!"

"நீங்க மட்டும் என்ன, கையில பூங்கொத்தா வெச்சிருந்தீங்க?"

அதற்குள் வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். காலையிலிருந்து அணு உலை கேட் முன்னால் கூடாரம் போட்டுக் காத்திருந்த டி.வி.க்காரர்கள் சண்டைச் சேதி கேட்டு மொத்தமாக வந்து நுழைந்தார்கள். முன்னால் தலைநகர் சோபியாவிலிருந்து வந்த நிருபர் டெசிஸ்லாவா.

"மேடம், மேடம்! அந்த ஏவுகணை விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க. கேமரா ஓடலை!"

லொரெய்ன் இன்னும் உரக்கச் சொன்னாள்.

அர்காதி ரொட்டியைத் தூக்கி எறிந்தார். லொரெய்ன் எழுந்தாள். மேஜையிலிருந்த வெள்ளரிக்காய் தயிர் சூப்பைக் கிண்ணத்தோடு எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள்.

"அருமை! அருமை!" என்றான் கேமராக்காரன்.

அர்காதியின் புருவத்திலிருந்து தயிர் சொட்டியது. "ஒப்பந்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! எல்லாம் இங்கயே கிடக்கட்டும்!"

அவ்வளவுதான். ரோசிட்சா கரண்டியோடு நடுவில் புகுந்தாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? அந்த வேலிக்கு எதிர்ப் பள்ளிக்கூடத்துலதான் என் பொண்ணு பாடம் எடுக்கறா. தினம் அவ வீடு திரும்பற வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கறேன். படிச்சவங்களாம், பெரிய மனுஷங்களாம்! அந்தச் சரக்கு எவன் கையிலயாவது சிக்கி, ஒரு ஊரே சாம்பலாப் போச்சுன்னா, அந்தச் சாம்பல் மேல யார் கொடியை நடுவீங்க?"

கேமராக்கள் ரோசிட்சா பக்கம் திரும்பின.

அவள் விடவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்து இரண்டு பேரையும் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே டெசிஸ்லாவாவின் குரல் உச்சத்தில் கேட்டது. "நேரலையில் இருக்கிறோம்! ஒப்பந்தம் உடைந்தது! நிபுணர்கள் கைகலப்பு!"

"ரெண்டு பேரும் கை குலுக்கற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது" என்றாள் ரோசிட்சா. மூச்சு வாங்கியது.

லொரெய்ன் தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அர்காதி தயிரைத் துடைக்கக்கூட மறந்து அதையே பார்த்தார்.

அரை மணி நேரம் கழித்துக் கைப்பேசி ஒலித்தது.

"ஏத்தியாச்சா?... கதவு மூடியாச்சா?... என்னது? கிளம்பிடுச்சா?"

அடுத்த நொடி லொரெய்ன் அர்காதியின் தயிர்த் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "பறந்துடுச்சு அர்காதி! பறந்துடுச்சு!"

அர்காதி அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்று சுற்றினார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

ரோசிட்சாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன பறந்துடுச்சு?"

"யுரேனியம், தங்கச்சி! நாங்க இங்க கத்திக்கிட்டிருந்தப்போ, இவங்க ஆளுங்க, எங்க ஆளுங்க, உங்க ஊர் போலீஸ், எல்லாரும் சேர்ந்து லாரியில ஏத்தி விமானத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. உங்க பொண்ணு இனிமே நிம்மதியா பாடம் எடுக்கட்டும்" என்றார் அர்காதி.

"அப்போ... இந்தச் சண்டை?"

லொரெய்ன் அவள் தோளில் கை வைத்தாள். "லாரி எப்போ கிளம்புது, எந்த வழியா போகுதுன்னு நேரலையில காட்டிட்டா, வேலியை அறுத்தவனும் அதைப் பார்ப்பான் இல்லையா? கேமராக்காரங்களை விரட்டினா, இன்னைக்குத்தான் எடுக்கறாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அதான், அவங்களே ஓடிவர்ற மாதிரி ஒரு கூத்து. பெட்டியில எந்தக் கொடியும் கிடையாது."

ரோசிட்சா உருளைக்கிழங்கு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஐயோ! நான் வேற எல்லார் முன்னாடியும் உங்களைக் கண்டபடி..."

"நீங்க திட்ட ஆரம்பிச்சதாலதான் அவங்க நகரவே இல்லை" என்றார் அர்காதி. அவள் நீட்டிய துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே லொரெய்ன் பக்கம் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு. அடுத்த நாட்டுலயாவது நீ நனை. ஒவ்வொரு நாட்டுலயும் நானே நனைஞ்சா, ஊருக்குப் போனதும் என் பொண்டாட்டி துணி துவைக்க மாட்டேங்கறா!"