நாலு சக்கரமும் இழுக்கும்

"வாங்க வாங்க! உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரமா காத்துக்கிட்டு நிக்கறேன்!"

வாசலில் நின்ற பச்சை ஜீப்பின் மேல் கை வைத்திருந்த மீசைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார்.

வண்டியைப் பார்க்க வந்த நர்ஸுக்கும் வாயெல்லாம் பல். பழைய வண்டிதான். ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"ஏம்மா, தினமும் வேலைக்குப் போய்ட்டு வர்றதுக்கு யாராவது ஜீப் வாங்குவாங்களா?" என்று அவள் காதைக் கடித்தார் கணவர். தையல்காரர். "என்னமோ சண்டைக்குப் போற மாதிரி!"

"நான் போற பாதையை ஒரு நாளாவது வந்து பார்த்திருக்கீங்களா நீங்க?"

மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவளை மாற்றியிருந்தார்கள். பாதி வழிக்கு மேல் தார் ரோடு கிடையாது. கல்லும் சேறும், நடுவில் குறுக்கே ஓடும் ஓடையும்தான். ஸ்கூட்டர் அவளைப் பலமுறை கீழே தள்ளியாயிற்று. போன வாரம் ஓடையில் தண்ணீர் ஏறி, முட்டி வரை சேற்றோடு அவள் போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஒரு பெண் துணைக்கு ஆளில்லாமலே பிள்ளை பெற்றிருந்தாள். தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தார்கள். நர்ஸுக்குத்தான் அன்றிலிருந்து மனசே ஆறவில்லை.

"வண்டி எப்படி சார்?" என்று கேட்டாள்.

"என்னத்தைச் சொல்றது மேடம்? பார்த்ததுமே மனசைப் பறிகொடுத்துட்டேன். ராத்திரியெல்லாம் இதே நினைப்பு."

விற்க மனசில்லாமல் விற்கிறார் போலிருக்கிறது என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

தையல்காரர் கடைசி முயற்சியாக வண்டியை மட்டம் தட்டப் பார்த்தார். "இது தண்ணியா பெட்ரோல் குடிக்கும் சார்!"

"அடடா! இப்படி மனசுல பட்டதைப் பட்டுனு சொல்றவங்களை எங்கே பார்க்க முடியும்!" மீசைக்காரர் நெகிழ்ந்துபோனார்.

"பின் சீட்டுல உட்கார்ந்தா முதுகு போயிடும்."

"போகட்டுமே!"

இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஓட்டிப் பார்க்கலாமா?"

நர்ஸும் மீசைக்காரரும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார்கள்.

"நீங்களே ஓட்டுங்க மேடம். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன்."

சாவி வண்டியிலேயே தொங்கியது. நர்ஸ் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிப் பழகியவள். சாவியைத் திருப்பியதும் ஜீப் ஒரு செருமல் செருமிவிட்டுக் கிளம்பியது. ஊரைத் தாண்டி, ஆளில்லாத பழைய கல்குவாரிப் பக்கம் திருப்பினாள். எதிரே ஒரு சேற்றுக் குட்டை, அதைத் தாண்டிச் செங்குத்தாக ஒரு மேடு.

"இதுல ஏறுமா மேடம்?"

தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நர்ஸுக்குப் பட்டது. விடுவாளா?

"ஏறுமாவா? இந்தக் கம்பியை இழுத்துவிட்டா நாலு சக்கரமும் இழுக்கும். பிடிச்சுக்குங்க!"

ஜீப் உறுமிக்கொண்டு குட்டையில் இறங்கியது. சேற்றுத் தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியடித்தது. கல்லில் ஏறியது, சாய்ந்தது, குதித்தது. பின் சீட்டிலிருந்த தையல்காரரின் தலை கூரையில் 'ணங்' என்று மோதியது.

"ஐயையோ! நிறுத்து! நான் நடந்தே வர்றேன்!"

"இன்னும் வேகமா மேடம்! இன்னும் வேகமா!" மீசைக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

"தன் வண்டியை இந்தப் பாடு படுத்தச் சொல்ற மனுஷனை இப்பத்தான் பார்க்கறேன்" என்று பின்னால் முனகல் கேட்டது.

மேட்டின் உச்சியில் ஜீப் நின்றது. தூரத்து மலையில் அவளுடைய ஆஸ்பத்திரியின் தகரக் கூரை பளபளத்தது. இனி எந்த மழையானாலும் நேரத்துக்குப் போய் நிற்கலாம். நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

தையல்காரர் தலையைத் தடவிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வாங்கிடலாம்மா. நீ இப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

திரும்பி வந்தபோது, அந்த வீட்டுக்கு முன்னால் நடுத்தெருவில் பனியனோடு ஒருவர் நின்றிருந்தார். பாதி முகம் வழவழவென்றும், மீதிப் பாதி சோப்பு நுரையோடும் இருந்தது. பக்கத்து வீட்டில் ஏதாவது பிரச்சினை போலிருக்கிறது என்று நினைத்தபடி, நர்ஸ் அவரைச் சுற்றி ஒதுக்கி ஜீப்பை வாசலில் நிறுத்தினாள்.

இறங்கியதும் கைப்பையிலிருந்து கவரை எடுத்து, இரண்டு கையாலும் மீசைக்காரரிடம் நீட்டினாள். "போன்ல பேசின விலைதான் சார். இந்தாங்க, அட்வான்ஸ்!"

அதே நொடியில் மீசைக்காரரும் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவளிடம் நீட்டினார். "போன்ல பேசின விலைதான் மேடம். இந்தாங்க, அட்வான்ஸ்!"

"அடப்பாவிகளா!" நுரைக்காரர் ரேசரை ஆட்டிக்கொண்டு அலறினார். "ஷேவ் பண்ணப் போன நேரத்துல என் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போனதும் இல்லாம, இப்ப உங்களுக்குள்ளயே வித்து வாங்கிக்கறீங்களா?"