உள்ளது உள்ளபடி

மஞ்சக்குப்பம் ஆபீஸ் குமாஸ்தா மணவாளன், வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சிதம்பரத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடந்த புகைப்பட வகுப்பில் சேர்ந்திருந்தான். யாராவது ஒருவருடைய பிழைப்பை உள்ளபடியே படமெடுத்து வரவேண்டும் என்றார் வாத்தியார். மணவாளன் நான்கு ஞாயிறுகள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், மீன்கூடை சுமந்த குப்புவைப் படமெடுத்தான்.

ஐந்தாம் ஞாயிறு படங்களோடு ஓடி வந்தான்.

"வகுப்புலயே உங்க படந்தாம்மா முதலாவதா வந்துச்சு! துளிகூட நடிப்பு இல்லன்னு வாத்தியார் சொன்னாரு."

படங்களைப் பார்த்த குப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கோச்சுக்காதீங்க சார். நான் மீனே வித்ததில்ல. அக்காவுக்குக் காய்ச்சல்னு அன்னிக்கு ஒருநாள் அவ கூடைய நான் தூக்கியாந்தேன். நீங்க படம் புடிச்சீங்க. மறுவாரமும் ஆசையா வந்து நின்னீங்க. ஏமாந்து போவீங்களேன்னு வாராவாரம் அவகிட்ட கூடைய வாங்கியாந்தேன்."

"அப்ப உங்க வேலை?"

"ஸ்கூல் டீச்சர் சார்."

மணவாளன் தலையில் கைவைத்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டான்.

குப்பு அவனுடைய கேமராவை மெல்ல எடுத்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சனிக்கிழமை எனக்கும் லீவுதான் சார். அந்த வகுப்புல பொம்பளைங்களச் சேத்துக்குவாங்களா?"