மாடிவீட்டு டிரம்ஸ்

வாசற்கதவின் தாழ்ப்பாள் குலுங்கியதும், அவர் இரண்டு காதுகளிலிருந்தும் பஞ்சை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகுதான் கதவைத் திறந்தார்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா நின்றிருந்தார். கழுத்தில் அளவு டேப். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இது வீடா, இரும்புப் பட்டறையா? காது கிழியுது சார்!"

"இதோ குறைச்சிடறேம்மா."

அவர் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார். தையல்காரம்மா போகவில்லை. மேசைமேல் கிடந்த இசைத்தட்டின் உறையை எட்டி எடுத்துப் புரட்டினார். கறுப்பு அட்டையில் மண்டை ஓடு, மின்னல், வாயைப் பிளந்துகொண்டு நாலு ஆண்கள்.

"யாரு இவனுங்க? சீப்பைக் கண்ணால பார்த்ததே இல்ல போல. பல்லு புடுங்கும்போது போட்டோ எடுத்தாங்களா?"

"பெரிய பாட்டுக்காரங்கம்மா..."

அவர் வாய் திறந்தால் போதும், அந்த அம்மாவின் கண் அவர் உதட்டைவிட்டு நகராது. மழுப்பிவிடுவார் என்ற சந்தேகம் போலும்.

அங்கிருந்து பேச்சு மாடிப்படியில் எரியாத பல்புக்குப் போனது. பிறகு முட்டிவலிக்கு. பிறகு, தான் குண்டானதை மறைத்து "பிளவுசை நீங்க சின்னதாத் தச்சிட்டீங்க" என்று சண்டைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரிடம் போனது. பேசியது முழுக்கத் தையல்காரம்மா. இவருக்குத் தலையாட்டும் வேலை மட்டும்தான்.

"நாளைக்கும் இந்த மாதிரி சத்தம் வந்துச்சு, நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

விரலை ஆட்டி எச்சரித்துவிட்டு இறங்கிப் போனார். இவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, சுழன்றுகொண்டிருந்த தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினார். வீடு அடங்கிவிட்டது. அன்றைக்கு அவரிடம் பேச வேறு யாரும் வரப்போவதில்லை.

உண்மையில் அந்த ஹெவி ராக் தட்டுகள் எதுவுமே அவருடையவை அல்ல. வெளிநாட்டில் குடியேறிவிட்ட மகன் ஒரு பெட்டி நிறைய விட்டுப்போனவை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அவருக்கு, அவற்றைக் கேட்டால் கயிறு அறுந்த லிஃப்ட் கீழே வருகிற ஞாபகம்தான் வரும்.

அவரும் மனைவியும் சேர்த்தது கன்ட்ரி பாட்டுத் தட்டுகள். தொப்பி வைத்த ஒருவர் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு, போன ரயிலைப் பற்றியும் வராத பெண்ணைப் பற்றியும் மெல்லப் பாடுவார். மனைவி இருந்தவரை அவை வெறும் பாட்டாக இருந்தன. அவள் போனபிறகு ஒரு பக்கம் முழுசாகக் கேட்க முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் மகன் நினைப்பில் அவனுடைய தட்டு ஒன்றைப் போட்டார். சத்தத்தை எவ்வளவு வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. முதல் டிரம்ஸ் அடியிலேயே ஜன்னல் அதிர்ந்தது. அடுத்த பாட்டு வருவதற்குள் கதவைத் தட்டினார்கள்.

"என் அலமாரிக் கண்ணாடியெல்லாம் ஆடுது! என்ன பண்றீங்க மேல?"

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனபிறகு அந்தக் கதவை ஒருவர் தட்டியது அன்றுதான். மறுநாள் அதே நேரத்துக்கு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அதே தட்டைப் போட்டார். அதன்பிறகு ஒரு சாயங்காலமும் தவறவில்லை.

நடுவில் ஒருமுறை காய்ச்சல். தலை விண்விண் என்று தெறித்தது. டிரம்ஸைத் தாங்க முடியாது என்று, மனைவிக்குப் பிடித்த கன்ட்ரி தட்டைப் பக்கத்து அறைக்குக்கூட எட்டாத அளவில் வைத்துவிட்டுப் படுத்தார். இன்று யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கதவு தடதடத்தது.

"அந்த டமாரத்தை நிறுத்தப் போறீங்களா இல்லையா?"

உள்ளே கிட்டார் ஒன்று விசும்பிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷம், பாவம் என்று எண்ணிக்கொண்டார். ஆனாலும் மனசு குளிர்ந்துபோனது.

சில நாள் கழித்து அவர் மருந்துக்கடைக்குப் போய்விட்டு வரும்போது, கீழ்வீட்டு வாசலில் ஒரு பெரிய சூட்கேஸ் நின்றது. என்னால்தான், சத்தம் தாங்காமல் வீட்டையே காலி செய்கிறார்கள் என்று தோன்றியது. மாடிக்கு ஓடினார். மகனுடைய தட்டுகளையெல்லாம் பெட்டியில் அடுக்கி, மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்து கீழ்வீட்டு மணியை அழுத்தினார்.

இளம்பெண் ஒருத்தி திறந்தாள்.

"நான் மேல்வீடும்மா. தையல்காரம்மா இல்லையா?"

"நூல் வாங்கப் போயிருக்காங்க அங்கிள். நான் அவங்க பொண்ணு."

"அவங்க... வீட்டைக் காலி பண்றாங்களா?"

"என்கூடக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். எவ்வளவு கெஞ்சியும் அசைய மாட்டேங்கிறாங்க. சாயங்காலமானா இங்க ஒரு வேலை இருக்காம். என்ன வேலைன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் மட்டும்தான் கிளம்பறேன்."

அவர் அதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிடும் அவசரத்தில் இருந்தார்.

"தப்பு என்மேலதாம்மா. இந்தத் தட்டெல்லாத்தையும் இன்னைக்கே யாருக்காவது குடுத்துடறேன். இனிமே மேலேயிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வராது. அவங்களும் பாவம், முட்டிவலியோட தினமும் படியேறி வந்து, காது கிழியுது, குறைங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. நான்தான் கேக்கல."

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் மாடிப்படியைப் பார்த்தாள்.

"யாரு, எங்கம்மாவா? அவங்களுக்குக் காதே கேக்காதே அங்கிள்!"