இடது முழங்கால்

திரையில் செவ்வாய்க் கிரகத்து வீரன் பத்து ரோபோக்களை உதைத்துச் சாய்த்தான். எழுந்திருக்கும்போது கட்டைவிரலால் இடது முழங்காலை அழுத்திக்கொண்டான். காலைக் காட்சிக் கூட்டம் விசிலடித்தது. சண்டை நடிகர் தணிகைவேலுக்கு வியர்த்தது.

அந்த உடம்பு அவருடையது. நான்கு வருடத்துக்கு முன் படக் கம்பெனி அவர் அசைவுகளையெல்லாம் பதிவுசெய்துகொண்டது; அதை வைத்து மிஷினே திரையில் வீரனை ஆட்டுவிக்கிறது. அதற்குத்தான் மாதச் சம்பளம். உடம்பு பழுதானால் நின்றுவிடும். ஆனால் அவர் படிக்கட்டில் விழுந்து முழங்கால் போனது, அந்தப் பதிவுக்கு வெகுகாலம் கழித்து, போன தீபாவளிக்குத்தான்.

"யார்கிட்டடி சொன்ன?" என்றார் பக்கத்திலிருந்த மனைவி அஞ்சலையிடம்.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லலய்யா. வெளியில நீ காலைத் தொடுறதே இல்ல. வீட்ல டிவி பாக்கும்போதுதான் இப்பிடி அமுக்குவ."

"அந்த டிவி யார் குடுத்தது?"

அஞ்சலை பாப்கார்ன் மெல்வதை நிறுத்தினாள். "கம்பெனி. ஆனா இந்த மாசமும் சம்பளம் வந்துச்சேய்யா?"

"மிஷின் பாத்துடுச்சு. மனுசன் எவனும் இன்னும் பாக்கல."

வீட்டு வாசல்வரை அவள் தோளைப் பிடித்தபடி நொண்டி வந்தவர், உள்ளே போகுமுன் கையை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கூடத்தை நேராக நடந்து கடந்தார். குளியலறைக் கதவைச் சாத்தி, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தில் அஞ்சலை டிவியைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உனக்கென்னய்யா, காலு கல்லு மாதிரி இருக்கு!"